எதைப் பகிர்கிறார்கள் என்பதுதான் கேள்வி

ஆடி, ஸ்கோடா இரண்டும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்கள், உள்ளே ஒரே பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன; அதனால் ஆடி கார் வாங்குகிறவர்கள் ஸ்கோடாவுக்குத்தான் கூடுதல் விலை கொடுத்து ஏமாறுகிறார்கள் என்று ஒரு கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆடி ஏ3, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஸ்கோடா ஆக்டேவியா மூன்றும் 2012 முதல் எம்.க்யூ.பி. என்ற பொது அடித்தளத்தில் வருவது உண்மைதான். ஆனால் அதில் மாறாதவை என்ஜினைப் பொருத்தும் முறை, முன் அச்சுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் போன்றவை. நீளம், அகலம், சஸ்பென்ஷன், ஒலித்தடுப்பு எல்லாவற்றையும் மாற்ற இடமுண்டு. கண்ணுக்குத் தெரியாததைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கு நஷ்டம்?

ஏமாற்று வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கேடிலாக் சிமரான் பக்கம் போகலாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சொகுசு பிராண்டான கேடிலாக்கின் பெயரில் 1982 மாடலாக இறக்கிய கார் அது. அதே நிறுவனத்தின் மலிவு காரான ஷெவர்லே கேவலியரின் அதே உடல், அதே 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜின். தோல் இருக்கையும் கேடிலாக் முத்திரையும் சேர்த்து விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்தில் நிறுத்தினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். 1988இல் கடையைக் கட்டினார்கள். கெட்ட பெயர் மட்டும் கேடிலாக்கோடு தங்கிவிட்டது. பிரிட்டிஷ் சொகுசு கார் நிறுவனமான ஆஸ்டன் மார்ட்டினின் சிக்னெட்டும் இந்த ரகம்தான்: டொயோட்டாவின் குட்டிக் காரான ஐக்யூவுக்குப் பட்டுச்சட்டை.

அதே ஆஸ்டன் மார்ட்டினின் டிபி7 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்விளக்குகள் மஸ்தா 323 என்ற சாதாரணக் காரிலிருந்து வந்தவை. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, காரின் அழகு அப்படி. விளக்கு உடைந்தால் மஸ்தா உதிரிபாகத்தைத் தேடலாம் என்பது உரிமையாளர்களுக்குக் கொசுறு லாபம்.