ஆறாவது சீசனும் கணக்கில் உண்டு

நேற்றைய அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'கம்யூனிட்டி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாம். "முதல் ஐந்து சீசன் போதும். ஆறாவது யாஹூ சீசன், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்." கீழே வரிசையாக ஆமாம் போட்டிருக்கிறார்கள். பட்டியலைப் போட்டவர் என் நண்பர்தான். சண்டை வேண்டாம் என்று ராத்திரி முழுக்க அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

ஏன் கணக்கில் வராது? இடம் மாறியதாலா?

2009 செப்டம்பரில் என்பிசி சேனலில் தொடங்கிய தொடர். 2014 மே மாதம், 97 எபிசோடு முடிந்த நிலையில், போதும் என்று நிறுத்திவிட்டார்கள். நடிகர்களின் ஒப்பந்தம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அந்தக் கடைசி நாளில்தான் இணைய நிறுவனமான யாஹூ வந்து, எங்கள் வீடியோ தளத்துக்கு 13 எபிசோடு எடுக்கிறோம் என்றது. 'ஆறு சீசன், ஒரு சினிமா' என்று இரண்டாவது சீசனில் அபெட் என்ற பாத்திரம் சொன்னதை வருஷக்கணக்கில் கோஷம் போட்டவர்கள் நாம்தானே? அந்த ஆறாவது வந்து நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி?

"டிராய் இல்லாமல் என்ன கம்யூனிட்டி" என்கிறீர்கள். சரி. டிராயாக நடித்த டொனால்ட் குளோவர் போனது ஐந்தாவது சீசனில், என்பிசியில் ஓடும்போதே. அந்தப் பழியை ஏன் ஆறாவதின் தலையில் கட்டுகிறீர்கள்? ஷெர்லியாக நடித்த இவெட் நிக்கோல் பிரவுன் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள விலகினார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது சீசனை, தொடரை உருவாக்கிய டான் ஹார்மனையே வெளியே அனுப்பிவிட்டு எடுத்தார்கள். அது கணக்கில் வருகிறது. அவர் திரும்பி வந்து, கூடவே இருந்து எடுத்த ஆறாவது வரவில்லை. ஆள் மாறலாம், சேனல் மாறக்கூடாது. இது என்ன நியாயம்?

சில எபிசோடு இழுக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 21 நிமிஷத்தில் முடித்தாக வேண்டிய கட்டாயம் போனதும் அரைமணி நேரத்தைத் தொட்டுவிட்டார்கள். இழுக்கட்டுமே. தொலைக்காட்சி நெடுநாள் பழகிய நண்பன் மாதிரி, அதற்கும் ஒரு மோசமான நாள் வரலாம் என்று கடைசி எபிசோடில் அபெட் சொல்வானே, அதைக் கேட்டவர்கள்தானே நீங்கள்?

அப்புறம் ஒருவர், "யாஹூவுக்கே நஷ்டம்" என்று எழுதியிருந்தார். உண்மைதான். 2015-இல், இந்தத் தொடரையும் சேர்த்து, சொந்த நிகழ்ச்சிகளில் 42 மில்லியன் டாலர் போனதாகக் கணக்கெழுதினார்கள். 2016 ஜனவரியில் அந்த வீடியோ தளமான யாஹூ ஸ்கிரீனையே மூடினார்கள். கடை போனது கடைக்காரர் கணக்கு. கடைசி எபிசோடில் விமான நிலையத்தில் நாயகன் ஜெஃப் அபெடைக் கட்டிப்பிடித்து நிற்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கடை என்றதும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 22 வருஷம் தையல் கடை வைத்திருந்தார். கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்றார்கள். பின்னால் ஒரு சந்தில் சின்ன அறை கிடைத்தது. அதே மிஷின், அதே கத்திரிக்கோல், அட்டை கிழிந்த அதே அளவு நோட்டு. பழைய பெயர்ப்பலகை வாசலில் கொள்ளாததால் உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஒரு கல்யாண வீட்டில், வருஷக்கணக்கில் அவரிடம் தைத்த ஒருவர் என்னிடம், "அப்பா கடையை விட்டுட்டாரே தம்பி, அதான் வெளியில தைக்கக் கொடுக்கிறேன்" என்றார். அப்பா அந்த நேரத்தில் பத்து நிமிஷ நடை தூரத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவரிடம் இதைச் சொல்லவில்லை. அந்த நோட்டில் அந்த மனிதரின் மார்பளவும் கையளவும் இருந்தது.

சந்துக் கடை இரண்டு வருஷம் ஓடியது. அங்கே எனக்குத் தைத்த நீலக் கட்டம் போட்ட சட்டையை இன்னும் போடுகிறேன். காலர் மடங்காமல் நிற்கிறது.

பட்டியலைத் திருத்துங்கள் நண்பரே. ஆறு சீசன், 110 எபிசோடு.