வரவேற்பறைக்குத் திருஷ்டிப் பொட்டு

(இடம்: காரைக்குடியில் ஒரு பழைய வீடு. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் மங்கிய வெள்ளை, மூலையில் ஒரு சாய்வு நாற்காலி. பேசுபவர்கள் இருவர். புலவர் பழனியப்பன், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தலை முழுதும் வெண்பஞ்சு, அதன்மேல் நாள் தவறாமல் நல்லெண்ணெய். பாண்டி, பெயிண்டர் மேஸ்திரி. 1989இல் அவரிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர். சுவர் என்பதைச் 'செவுரு' என்று சொன்ன குற்றத்துக்காக அன்று நூறு முறை எழுதியவர். ஆகையால் ஊரில் எப்படிப் பேசினாலும், இந்த வீட்டு வாசற்படி ஏறியதும் அவருக்கு இலக்கணம் வந்துவிடும்.)

புலவர்: வா, பாண்டி. செய்தி சுருக்கமானது. இந்த வரவேற்பறையின் நான்கு சுவர்களுக்கும் கறுப்பு நிறம் பூச வேண்டும். தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும்.

பாண்டி: வணக்கம், ஐயா. தொலைபேசியில் தாங்கள் சொன்னபோது கருப்பர் கோயில் சுவரைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து, வெள்ளையும் காவியும் எடுத்து வைத்துவிட்டேன். ஹாலுக்கு என்று இப்போதுதான் புரிகிறது.

புலவர்: ஹால் அன்று; கூடம். மேலும், கோயிலில் இருப்பவர் இடையின 'ரு'. நான் சொன்னது வல்லின 'று'. அந்த வேறுபாடு உன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

பாண்டி: விழுந்தது, ஐயா. டவர் கிடைக்காமல் குரல் கரகரக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புலவர்: போகட்டும். உனக்குக் கறுப்பு புதிதா? கரும்பலகைக்குக் கறுப்பு ஏற்ற நான் உன்னைத்தானே அனுப்புவேன்!

பாண்டி: மறப்பேனா, ஐயா? வெள்ளிக்கிழமை மாலையில் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்து, கோணிக் கந்தலில் தொட்டு, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேய்ப்போம். திங்கட்கிழமை வரையில் உள்ளங்கையில் கறை போகாது; ஊமத்தை நஞ்சு என்பதால் அம்மா எனக்கு இரண்டு நாள் ஊட்டித்தான் விடுவாள். நான் முதன்முதலில் கற்ற தொழில் அதுதான். அதற்குரிய கூலி மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

புலவர்: அதற்குத்தான் மதிப்பெண் போட்டேனே! அந்தக் கரும்பலகையை நினைத்துப் பார். நான் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் கடைசி பெஞ்சு வரையில் தெரிந்தது எதனால்? பின்னால் கறுப்பு இருந்ததனால். அதுபோலவே இந்த அறையில் உள்ள பித்தளைக் குத்துவிளக்கும், தாத்தா காலத்துத் தஞ்சாவூர்ப் படத்தின் பொன்னிழையும் கறுப்புச் சுவரின் முன்னே எடுப்பாகத் தெரியும் என்பது என் கருத்து.

பாண்டி: கருத்தில் பிழை இல்லை, ஐயா, பித்தளையும் பொன்னும் கறுப்பின் முன்னே பளிச்சென்றுதான் நிற்கும். ஆனால் அதே காரணத்தால் ஒட்டடையும் தெரியும், விபூதி பூசிய கையைச் சுவரில் ஊன்றினால் ஐந்து விரலும் தெரியும், மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூத்தால் அதுவும் கடைசி பெஞ்சு வரையில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லி தெரியும். வெள்ளைச் சுவரில் அது இருப்பதே தெரியாமல் இத்தனை ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டது. கறுப்புச் சுவரிலோ அது நகர்ந்தால் வெள்ளை மையில் கையெழுத்துப் போடுவதுபோல் இருக்கும்.

புலவர்: பல்லி தெரிந்தால் நல்லதுதானே? தலையில் விழுவதற்கு முன் விலகிக்கொள்ளலாம். பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கும் வேலையும் மிச்சம்.

பாண்டி: கொசுவுக்கு என்ன செய்வீர்கள்? அது இருட்டான இடத்தைத் தேடித்தான் உட்காரும். நாற்காலிக்கு அடியிலும் சட்டை மடிப்பிலும் ஒதுங்குகிற கொசுவுக்கு நாம் நான்கு சுவரையும் எழுதிக் கொடுப்பதா? அடிக்கலாமென்று கையை ஓங்கினாலும் கறுப்பில் கறுப்புத் தெரியாது.

புலவர்: நீ வேலைக்கு வந்தாயா, வழக்காட வந்தாயா? கறுப்பைப் பற்றி நான் படிக்காமல் பேசவில்லை. வாண்டாபிளாக் என்று ஒரு பூச்சு இருக்கிறது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்மேல் விழும் ஒளியில் 99.965 விழுக்காட்டை அது விழுங்கிவிடுகிறது. கசங்கிய தகட்டின்மேல் பூசினால் கசங்கலே தெரியாது. ஏதோ பள்ளத்தை எட்டிப் பார்ப்பதுபோல் இருக்குமாம்.

பாண்டி: கசங்கல் தெரியாதா! பட்டி பார்க்கும் வேலையே மிச்சமாகுமே. அந்த டப்பா நம் செக்காலை ரோட்டுக் கடைகளில் கிடைக்குமா, ஐயா?

புலவர்: கிடைக்காது. கலைப்படைப்புகளில் அதைப் பயன்படுத்தும் உரிமையை மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர் 2016இல் தமக்கு மட்டும் என்று பெற்றுவிட்டார். மற்றக் கலைஞர்கள் அவர்மேல் பெருங்கோபம் கொண்டார்கள்.

பாண்டி: நிறத்துக்கும் பட்டா வாங்கிவிட்டார்களா! இங்கே புறம்போக்கு நிலத்துக்கே அலைய வேண்டியிருக்கிறது. நல்லவேளை, நமக்குத் தெரிந்த கறுப்பு இன்னும் பொதுவில்தான் இருக்கிறது. அதுவே போதிய அளவுக்கு விழுங்கும், ஐயா. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பித் தரும். கறுப்பு 5 விழுக்காட்டைக்கூடத் தராது. என் மைத்துனனுக்குக் கடன் கொடுத்ததுபோலத்தான். இந்த அறைக்கு ஜன்னல் இரண்டு, அவற்றில் ஒன்றைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான்கு சுவரையும் கறுத்துவிட்டால் பகல் பதினோரு மணிக்கு விளக்குப் போட்டுத்தான் செய்தித்தாள் படிக்க வேண்டும்.

புலவர்: அப்படியானால் கறுப்பே கூடாது என்கிறாயா?

பாண்டி: அப்படிச் சொல்வேனா? குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். கன்னத்தில் ஒன்றுதான் வைக்கிறோம். முகம் முழுக்க மை பூசி இடுப்பில் எடுத்துக்கொண்டு போவதில்லை. அதுபோல ஒரு சுவருக்கு மட்டும் பூசுங்கள். அதோ, தொலைக்காட்சி மாட்டியிருக்கிற சுவர். இப்போது அந்தப் பெட்டியை அணைத்தால் வெள்ளைச் சுவரில் யாரோ ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போன பொந்து மாதிரித் தெரிகிறது. சுவர் கறுத்துவிட்டால் அப்படி ஒரு பெட்டி இருப்பதே கண்ணை உறுத்தாது. மற்ற மூன்று சுவரையும் சந்தன வெள்ளையில் விட்டுவிட்டால் வெளிச்சமும் குறையாது. கீழே இந்தக் கல்லின் பளபளப்பு வேறு இருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து எடுத்த கல் அல்லவா, துடைக்கத் துடைக்கத்தானே இதற்கு மெருகு ஏறும்.

புலவர்: தொலைக்காட்சிச் சுவர் வேண்டாம். ஒரு சுவர்தான் என்றால், என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சுவர்.

பாண்டி: இதுவா? இதில் குத்துவிளக்கும் இல்லை, படமும் இல்லை. ஒரு நாட்காட்டிதான் தொங்குகிறது. அது கிடக்கட்டும், ஐயா, நாட்காட்டியை எதற்காக இடுப்பு உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்? தேதி பார்க்க வேண்டுமென்றால் மண்டி போட வேண்டும் போலிருக்கிறதே?

புலவர்: அது... பேரன் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று.

பாண்டி: பேரன் கோயம்புத்தூரில் அல்லவா படிக்கிறான்?

புலவர்: விடுமுறைக்கு வருவான். பாண்டி, அதைத் தொடாதே. தொடாதே என்றேனே!

(நாட்காட்டி கைக்கு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில், சாய்வு நாற்காலியில் அமரும் ஒருவரின் தலை படும் உயரத்தில், தோசைக்கல் அகலத்தில் ஓர் எண்ணெய்க் கறை. நடுவில் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள், பதினெட்டு ஆண்டு ஓய்வூதிய வாழ்க்கையின் முத்திரை. தமிழ்நாட்டில் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதைக் காணாதவர் குறைவு.)

பாண்டி: ஐயா, இதற்காகத்தான் கறுப்பா?

புலவர்: குரலைத் தாழ்த்து, ஆச்சி அடுப்படியில் இருக்கிறாள். சாய்ந்து உட்காராதீர்கள், சுவர் பாழாகிறது என்று அவள் சொல்லத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டு ஆகிறது. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பழைய கறையும் மேலே கசிந்து வந்து, புதுக் கறையோடு சேர்ந்துகொள்கிறது. நான்கு சுவரையும் கறுத்துவிட்டால் அழகுக்காகச் செய்தது போலவும் இருக்கும், கறையும் மறைந்துவிடும் என்று எண்ணினேன்.

பாண்டி: ஆச்சியிடம் கறுப்பு என்று சொல்லிவிட்டீர்களா?

புலவர்: இன்னும் இல்லை. கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் சொற்கள் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லியிருக்கிறார். அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதை அதற்கு அடுத்துத்தான் சொல்கிறார்.

பாண்டி: ஆச்சி முதலில் சொன்ன பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஐயா, கறுப்பு இந்தக் கறையை மறைக்காது. மேட் ஃபினிஷில் அடித்தால் சுவரெல்லாம் கரும்பலகை மாதிரி மங்கலாக இருக்க, தலை படுகிற இடம் மட்டும் எண்ணெய் ஏறிப் பளபளவென்று மின்னும். கிளாஸில் அடிக்கலாம் என்றால், பளபளப்பில் இந்தப் பழஞ்சுவரின் மேடுபள்ளம் முழுதும் தெரியும்; அதிலும் சுவரை ஒட்டி மேலிருந்து விளக்குப் போட்டால் நான் பட்டி பார்த்த இலட்சணம் ஊருக்கே தெரிந்துவிடும். தவிர, எண்ணெயின்மேல் எமல்ஷன் நிற்கவே நிற்காது.

புலவர்: நிற்காது என்று வாயால் சொன்னால் போதுமா? எடுத்துக்காட்டு வேண்டாமா?

பாண்டி: நேற்று ஒரு வீட்டில் தொலைக்காட்சிச் சுவருக்கு அடித்த மிச்சம் வண்டியில் இருக்கிறது. எப்படியும் எந்த நிறமானாலும் இரண்டுக்கு இரண்டு அடி பூசி வைத்து, காலையிலும் உச்சியிலும் விளக்கு வைத்த பிறகும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

(டப்பா வருகிறது. பாதி கறையின்மேலும் பாதி நல்ல சுவரிலுமாகப் பாண்டி பிரஷை இழுக்கிறார். நல்ல சுவரில் கறுப்பு பட்டுத்துணி போல் படிகிறது. கறையின்மேல் அது தாமரையிலைத் தண்ணீராகத் திரண்டு, சுருங்கி, சிறுசிறு கண்கள் திறந்து, உள்ளிருக்கும் பழுப்பைக் காட்டுகிறது.)

புலவர்: வெட்கமே இல்லாமல் விலகிக்கொள்கிறதே!

பாண்டி: அதனால் வேலையை முறையாகச் செய்வோம். கறை இருக்கிற இடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு உப்புத்தாள் பிடித்து, ஆயில் பிரைமர் ஒன்று அடித்து, அதன்பிறகு பட்டி. இந்தச் சுவருக்குச் சந்தன வெள்ளை. நாற்காலி ஓர் அடி முன்னால் நகரும், அல்லது தலைக்கு ஒரு துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சிச் சுவருக்கு மட்டும் கறுப்பு. அது 12க்கு 10, ஆக 120 சதுர அடி. வெள்ளைப் பிரைமரின்மேல் கறுப்பு அடித்தால் நாளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். எனவே பிரைமரிலேயே கறுப்பு ஸ்டெயினர் கலந்து சாம்பலாக்கி அடித்துவிடுவேன். மேலே இரண்டு கோட்டு. அந்த வெள்ளை டியூப்லைட்டைக் கழற்றிவிடுங்கள். அதன் கீழே கறுப்பு நீலம் பாரித்துப் போய்க் காய்ச்சல்காரன் உதடு மாதிரி இருக்கும். பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கிற மஞ்சள் பல்பு வாங்குங்கள். குத்துவிளக்கை அந்தப் பக்கம் வைத்தால் ஆச்சிக்கே பிடித்துவிடும்.

புலவர்: ஒருவேளை பிடிக்காவிட்டால் மறுபடியும் வெள்ளையடித்துவிடலாம் அல்லவா?

பாண்டி: வெள்ளையைக் கறுப்பாக்குவது ஒரு நாள் வேலை, ஐயா, கறுப்பை வெள்ளையாக்குவதற்குள் பிரைமருக்கே இரண்டு கோட்டு போய்விடும். அதனால்தான் முதலிலேயே ஆச்சியைக் கேட்டுவிடுங்கள் என்கிறேன்.

புலவர்: கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதில்தான் சற்றுச் சிந்தனை தேவைப்படுகிறது. எழுவாயாக நான் இருந்தால் குற்றம் என்மேல் வரும். செயப்பாட்டு வினையாக்கி, 'சுவர் கறுக்கப்படவிருக்கிறது' என்று சொன்னால்...

(சிந்தனை ஆழமாகும்போது புலவர் நாற்காலியில் சாய்வது பதினெட்டு ஆண்டு வழக்கம். சாய்கிறார்.)

பாண்டி: ஐயா! ஈரம், ஐயா, ஈரம்!

புலவர்: என்ன ஆயிற்று?

பாண்டி: பின்தலை கறுத்துவிட்டது. அசையாதீர்கள், சட்டைக் காலரில் படப்போகிறது.

புலவர்: அந்தக் கைக்கண்ணாடியை எடு. இன்னொன்றைச் சுவர்ப்பக்கம் பிடி. ம்... பாண்டி, ஒரு விதத்தில் பார்த்தால் இது மோசமாக இல்லையே? நான் பணியில் சேர்ந்த ஆண்டில் இருந்த நிறம் இதுதான். டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதல்லவா? முன்பக்கத்துக்கும் ஒரு கோட்டு இழுத்துவிட முடியுமா?

பாண்டி: நிற்காது, ஐயா. முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு உப்புத்தாள் பிடிக்க வேண்டும். அதன்பிறகு ஆயில் பிரைமர்.