14 ஆணிக்கு 1,400 ரூபாய்

பட்டப்பகலில் டார்ச் அடித்து ஆணி எண்ணுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மாயவரத்தில் நாலு வருஷம் குடியிருந்த வீடு. சாமான் வண்டி கிளம்பிவிட்டது. வெறும் ஹாலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மாடியிலிருந்து வீட்டுக்காரர் டார்ச்சோடு இறங்கி வந்தார். சுவர் சுவராகப் போனார். ஆணி இருந்த இடத்தில் ஒரு தட்டு, ஆணி பிடுங்கின ஓட்டையில் சுண்டுவிரலை விட்டு ஒரு நோண்டல். பழைய டைரி ஒன்றில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "பதினாலு இருக்கு தம்பி" என்றார், ஏதோ பிணவறையில் எண்ணிக்கை சொல்வது போல.

எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. அது பில் என்று ஐப்பசியில்தான் தெரிந்தது.

வேலையில் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று வைகாசி கடைசியில் காலி செய்தோம். சித்திரை பிறந்ததுமே வாயால் சொல்லிவிட்டேன். அந்த மாச வாடகை வரை ஒரு பைசா பாக்கி இல்லை. அங்கேதான் முட்டாள்தனம் செய்தேன். "கடைசி நாலு மாசம் வாடகை குடுக்காத, அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லு" என்று ஆபீஸில் எல்லோரும் தலையில் அடித்துச் சொன்னார்கள். நான்தான் பெரிய அரிச்சந்திரன். ஒழுங்காக இருந்தால் அவரும் ஒழுங்காக இருப்பார் என்று நினைத்தேன்.

அட்வான்ஸ் 50,000. வாடகை 7,500. மாயவரம் 2020 கடைசியில் தனி மாவட்டம் ஆனதுமே, கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது, ஆளுங்க வரப்போகிறார்கள் என்று வாடகையை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்று பெரியவர்கள் சொன்னது வேறு அர்த்தத்தில். எங்கள் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு என்று புரிந்துகொண்டார் போல. வருஷா வருஷம் ஐந்நூறு ஏற்றினார். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் மீட்டர், எனக்குக் கீழே ஒரு சப் மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய். அரசாங்கம் கொடுக்கிற 100 யூனிட் இலவசத்தை நாலு வருஷத்தில் நான் கண்ணால் பார்த்ததில்லை. சரி, அது போகட்டும். அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டால் இன்று முடியாது.

அட்வான்ஸ் எப்போது தருவீர்கள் என்று முதலில் கேட்டது ஆனியில். "புது ஆளு வரட்டும் தம்பி, அவங்க குடுக்கறத அப்படியே உங்களுக்கு மாத்தி விட்டுடறேன்." ஏங்க, அப்படியானால் நான் கொடுத்த ஐம்பதாயிரம் எங்கே? அதைக் கேட்கக் கூடாதாம். ஆடியில் கேட்டேன். "ஆடில எவன் தம்பி வீடு மாறுவான்?" ஆவணியில் புது ஆள் குடிவந்துவிட்டார் என்று எதிர்வீட்டு அக்கா போன் செய்து சொன்னார்கள். உடனே கூப்பிட்டேன். "அந்தப் பணம் நம்ம பொண்ணு வளைகாப்புக்கு ஆயிடுச்சு, தப்பா நினைக்காதீங்க." புரட்டாசியில் குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டிருக்கிறாராம், பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லையாம். ஐப்பசியில் தீபாவளிச் செலவு. நம் பஞ்சாங்கத்தில் கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, காது குத்துக்கு எல்லாம் மாசம் இருக்கிறது. அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்க மட்டும் ஒரு நல்ல மாசம்கூடக் கிடையாது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர்கூட முக்கி முனகி எப்படியாவது கடைமடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. என் பணம் மாடியிலிருந்து கீழே இறங்க ஐந்து மாசம்.

இதில் எனக்குத் தாங்காதது பணம்கூட இல்லை. அந்தக் குரல். வீடு பார்க்க வந்த அன்று "வாங்க தம்பி, காபி சாப்பிடுங்க, நீங்களும் நம்ம பையன் மாதிரி" என்ற அதே வாய், இப்போது என் நம்பரைப் பார்த்ததும் "சொல்லுங்க" என்கிறது. ஏதோ நான் கடன் கேட்கிற மாதிரி. நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன், அதுதான் கொடுமை. "சார் தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் பார்த்து…" என்று இழுக்கிறேன். என் பணத்துக்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? பக்கத்தில் நின்ற என் மனைவி முறைத்த முறை இருக்கிறதே!

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிவிட்டேன். பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை. மாயவரத்தில் நல்ல மழை. போய் உட்கார்ந்ததும் டைரியைப் பிரித்தார். பெயின்ட் 18,000. ஆணி ஒன்றுக்கு நூறு வீதம் 1,400. குழாய் 900. செப்டிக் டேங்க் எடுத்தது 3,500. வீடு கழுவ ஆள் கூலி 1,500. முறையாக நோட்டீஸ் கொடுக்காததற்கு ஒரு மாச வாடகை 7,500. ஆக 32,800 போக எனக்கு வர வேண்டியது 17,200. அதிலும் பத்தாயிரம் இப்போது, மீதி அடுத்த வாரம்.

குழாய் நியாயம். பாத்ரூம் குழாயைத் திருகி உடைத்தது என் பையன்தான், ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம்?

பெயின்ட் கதையைச் சொல்கிறேன். அந்த வீட்டில் கீழே முழுக்க ஓதம். நம் பக்கத்து வீடுகளில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. களிமண் பூமி, ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், ஓதம் தடுக்கிற பூச்சு ஒன்றும் இல்லாமல் அந்தக் காலத்தில் எழுப்பிய சுவர் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி தண்ணீரை உறிஞ்சும். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கோணல்மாணலாக ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கும். விரல் பட்டால் மாவாக உதிரும். தினமும் காலையில் கட்டிலுக்கு அடியில் வெள்ளைத் தூள் பெருக்குவது என் மனைவியின் வேலை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டும் அடித்தகடு துருப்பிடித்துப் போனது. அதற்கு நான் யாரிடம் பில் கொடுப்பது? இவர் அந்த ஈரச் சுவரின் மேலேயே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்து வைத்திருந்தார். ஒரு மழை தாங்குமா அது?

கேட்டால் சொல்கிறார்: "நீங்க மழைக்காலத்துல வீட்டுக்குள்ளயே துணி காயப் போட்டீங்க தம்பி, அதான் செவுரு ஓதம் அடிச்சுடுச்சு." அதாவது காவிரிப் படுகையின் நிலத்தடி நீர் முழுக்க என் மனைவி கொடியில் போட்ட இரண்டு புடவையிலிருந்து இறங்கியது!

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் ஒரு சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. காலி செய்த ஒரு மாசத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அட்டவணை போட்டே எழுதியிருக்கிறார்கள். மூணு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு வால். யானையே நுழைகிற சந்து அது. வீடு தேடி அலைகிறவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஸ்டாம்ப் பேப்பரில் எழுதின பதினோரு மாசப் பத்திரம். முதல் வருஷத்தோடு சரி. பதியலாம் சார் என்று நான் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு தம்பி அதெல்லாம்" என்றார். நமக்குள்ளேயாம். நமக்குள்ளே என்கிறவர் ஆணியை எண்ணுவாரா?

எனக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர் ஒரு வாத்தியார். இப்போது திருவாரூர் பக்கம் இருக்கிறார். எதிர்வீட்டு அக்காவிடம் நம்பர் வாங்கி, ஆற்றாமையில் அவருக்குப் போன் போட்டேன். பெயின்ட் பற்றிச் சொன்னதும் சிரித்தார். ஆணி என்றதும் ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "ஹால்ல சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்துல, கொஞ்சம் வலது பக்கமா சாஞ்ச மாதிரி ஒரு நீள ஆணி இருக்குமே?" ஆமாம், எங்கள் கேலண்டர் மாட்டின ஆணி. "அது நான் அடிச்சது தம்பி. அதுக்கு எங்கிட்ட அம்பது ரூபா பிடிச்சாரு. இப்ப நூறா?"

ஆணிக்கும் வருஷா வருஷம் வாடகை ஏற்றியிருக்கிறார் மனுஷன்.

மீதி 7,200க்கு அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று இழுத்து, போன ஞாயிறு மறுபடியும் போனேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லை, சீர்காழியில் ஏதோ விசேஷமாம். நான் வருவதாகச் சொல்லித்தான் போனேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். கீழே கதவு திறந்திருந்தது. புதிதாகக் குடிவந்த பையன், கல்யாணம் ஆகி ஆறு மாசம் இருக்கலாம், "உள்ள வாங்கண்ணே, மழைல நிக்கறீங்களே" என்றான். 18,000 ரூபாய் பெயின்ட் எங்கே என்று பார்த்தேன். பழைய சுவர்தான், அதே பழுப்புக் கோடு, போன மாசத்தைவிட நாலு விரல் மேலே ஏறியிருந்தது. சுவிட்ச் போர்டு பக்கத்தில், வலது பக்கம் சாய்ந்த அந்த ஆணியில், நகைக்கடை கேலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தீங்க?" என்றேன்.

"அறுபது அண்ணே."

அந்தப் பொண்ணு காபி போட உள்ளே போனது. நான் என் நம்பரையும் திருவாரூர் வாத்தியார் நம்பரையும் கொடுத்து, காலி பண்ணுவதற்கு நாலு மாசம் முன்னாடி மறக்காமல் ஒரு போன் போடச் சொன்னேன். எதற்கு அண்ணே என்றான். சுவரில் இருக்கிற எல்லா ஆணியையும் இன்றைக்கே போட்டோ எடுத்து, தேதி போட்டு, மாடிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வை என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல பையன், போனை எடுத்துக்கொண்டு எழுந்தான்.