மைக்கை அணைத்துவிட்டு விளையாடச் சொல்லாதீர்கள்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது என் சித்தி மகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நால்வர் நால்வராக இறங்கி, நூறு பேரில் கடைசி வரை உயிரோடு நிற்க வேண்டிய விளையாட்டு. காதில் ஹெட்செட் இருந்தது, மைக் அணைந்திருந்தது. எதிரி ஒருவன் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்ததை அணியில் முதலில் பார்த்தவள் அவள்தான். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு நொடி வேலை. அவளோ சுடுவதை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலால் அதை எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிப்பதற்குள் அவளும் செத்தாள், அவளுக்குப் பக்கத்தில் நின்ற பையனும் செத்தான். "முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானடா" என்று அவன் கத்தியது ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்டது. மைக்கை ஏன் போடவில்லை என்று கேட்டேன். "வேணாம்க்கா. குரலக் கேட்டா அப்புறம் வெளயாட விட மாட்டாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளுக்கு அந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். பெயரைப் பொதுவாக வை, படம் வைக்காதே, மைக்கைப் போடாதே என்று நானும் எல்லோரையும் போலத்தான் சொன்னேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்த விளையாட்டுகளை ஆடாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணியாக ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளில் பேச்சு என்பது பொழுதுபோக்குக்கான அரட்டை அன்று. நான் ஆடுவது ஐவருக்கு ஐவர் மோதும் கணினி விளையாட்டு. வரைபடம் முழுவதையும் ஒருவரால் பார்க்க முடியாது. இடப்பக்கம் மூன்று பேர் வருகிறார்கள், ஒருவனுக்குப் பாதி உயிர்தான் மிச்சம், குண்டு இந்தப் பக்கம் வைக்கப்படப் போகிறது என்று ஒருவர் பார்த்ததை மற்ற நால்வருக்கும் அந்த நொடியிலேயே சொல்வதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. நன்றாகச் சுடத் தெரிந்தும் பேசாத ஒருவர் இருக்கும் அணியைவிட, சுமாராகச் சுட்டாலும் சரியான தகவலைச் சரியான நேரத்தில் சொல்லும் ஒருவர் இருக்கும் அணி ஜெயிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு பெண்ணிடம் மைக்கை அணைத்துவிட்டு விளையாடு என்று சொல்வது, கபடி ஆடப் போகிறவளிடம் மூச்சுப் பிடிக்காமல் ஆடு என்று சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் மைக்கைப் போட்டால் என்னதான் நடக்கிறது? என் அனுபவத்தில் முதல் பத்து நொடிக்குள் ஒரு அமைதி வரும். பிறகு யாராவது ஒருவர், "டேய், பொண்ணுடா" என்பார். அந்தக் கணத்திலிருந்து நான் அணியில் ஐந்தாவது ஆள் அல்ல, அங்கே நடக்கும் ஒரு வேடிக்கை. ஒருவர் வயதைக் கேட்பார், ஒருவர் இன்ஸ்டா ஐடி கேட்பார், இன்னொருவர் அடுப்படியில் வேலை இல்லையா என்பார். பதில் சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொன்னால் வழிகிறாள் என்பார்கள். நான் ஒரு சுற்றில் தனியாக நின்று மூன்று பேரை வீழ்த்தினால், பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் ஆடிக் கொடுக்கிறானா என்ற கேள்வி வரும். அடுத்த சுற்றில் முதல் ஆளாகச் செத்தால், பெண்களை அணியில் சேர்த்தால் இப்படித்தான் என்ற தீர்ப்பு வரும். இதை விடவும் மோசமானவற்றைக் கேட்டிருக்கிறேன். அவற்றை இங்கே எழுத விருப்பமில்லை. இரவு பதினொரு மணிக்கு, வேலையெல்லாம் முடித்துவிட்டு முக்கால் மணி நேரம் விளையாடலாம் என்று உட்கார்ந்த ஒருத்தி, முகம் தெரியாத ஒருவன் தன் உடம்பைப் பற்றிப் பேசுவதைக் காதுக்குள் கேட்டுக்கொண்டே குறிபார்க்க வேண்டியிருக்கிறது. ஹெட்செட்டில் வரும் குரல் காதோடு ஒட்டி வரும் குரல். தெருவில் தூரத்திலிருந்து கேட்கும் கேலியைப் போல அது இருப்பதில்லை.

ஆண்களையும்தானே திட்டுகிறார்கள், விளையாட்டு என்றால் சூடாகத்தான் இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தச் சூடு எனக்கும் தெரியும், நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் ஆணை அவன் ஆடிய ஆட்டத்துக்காகத் திட்டுகிறார்கள். பெண்ணை அவள் ஆடத் தொடங்கும் முன்பே, வாயைத் திறந்ததற்காகத் திட்டுகிறார்கள். இது என் மனக்கணக்கு மட்டுமல்ல. ஹேலோ 3 என்ற துப்பாக்கி விளையாட்டை வைத்து ஜெஃப்ரி குஸ்னெகாஃப், லிண்ட்சே ரோஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். முன்கூட்டியே பதிவுசெய்த சாதாரண வாசகங்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலிலும் சில ஆட்டங்களில் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். சில ஆட்டங்களில் எதுவுமே பேசவில்லை. சொன்ன வார்த்தைகள் ஒன்றேதான். ஆனால் பெண் குரலுக்கு வந்த மோசமான பதில்கள், ஆண் குரலுக்கோ மௌனத்துக்கோ வந்தவற்றைப் போல மூன்று மடங்கு. பிறகு 2015இல் மைக்கேல் கசுமோவிச் என்பவரும் குஸ்னெகாஃபும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போயிற்று. பெண் குரலிடம் அதிகமாகச் சீறியவர்கள் நன்றாக ஆடியவர்கள் அல்லர், ஆட்டத்தில் பின்தங்கியிருந்தவர்கள். திறமை கூடியவர்கள் அந்தக் குரலிடம் கனிவாகவே நடந்துகொண்டார்கள். அதே பின்தங்கியவர்கள் ஆண் குரலிடம் பணிந்து போனார்கள் என்பதையும் அந்த ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. அதைப் படித்தபோது, என்னிடம் கத்திய எத்தனையோ பேரின் ஆட்டக் கணக்கு நினைவுக்கு வந்தது. பட்டியலில் கடைசியில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் அவர்கள்.

பெண்கள் மெய்யாகவே நன்றாக ஆடினால் மதிக்கத்தானே செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு, தென்கொரியாவின் கிம் செ-யோன் கதையைச் சொல்கிறேன். விளையாட்டு உலகில் அவர் பெயர் கெகுரி. கொரிய மொழியில் தவளை என்று பொருள். 2016இல் ஓவர்வாட்ச் என்ற, அணியாக ஆடும் துப்பாக்கி விளையாட்டு வெளியான சில வாரங்களில், 17 வயதில், சார்யா என்ற பாத்திரத்தை எடுத்து ஆடி எதிரணிகளைத் திணறடித்தார். அவ்வளவு துல்லியமாக ஒருவரால் குறிபார்க்க முடியாது, தானாகக் குறிபார்த்துக் கொடுக்கும் ஏமாற்று மென்பொருள்தான் என்று எதிரணி ஆட்டக்காரர்கள் குற்றம்சாட்டினார்கள். கத்தியோடு வீட்டுக்கு வருவேன் என்ற மிரட்டலும் வந்தது. விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அவர் ஏமாற்றவில்லை என்று உறுதிசெய்தது. அதுவும் போதவில்லை. ஒரு ஒளிப்பதிவுக் கூடத்தில், கையையும் மவுஸையும் ஒரு கேமரா காட்ட, எல்லோரும் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மறுபடியும் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. அதே துல்லியம், அதே வேகம். குற்றம்சாட்டியவர்களில் இருவர், தாங்கள் சொன்னது பொய்யானால் விலகுவதாகச் சொல்லியிருந்தபடி விலகினார்கள்.

அந்த ஒளிப்பதிவை நான் நினைத்துப் பார்க்காத வாரம் இல்லை. ஒரு பதினேழு வயதுப் பெண் மவுஸ்மேல் வைத்த கையை ஊரே உற்றுப் பார்க்கிறது. ஆணின் திறமையைத் திறமை என்று நம்பிவிட்டுத்தான் சந்தேகிக்கிறார்கள். அவள் திறமையைச் சந்தேகித்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். கெகுரி 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீக் என்ற தொழில்முறைப் போட்டியில் ஆடிய முதல் பெண் ஆனார். அவர் தாங்கிக்கொண்டார். அதைத் தாங்க முடியாமல் பதினேழு வயதிலேயே கணினியை மூடிவைத்த பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

எதிர்த்தரப்பில் ஒரு சம்பவத்தை அடிக்கடி எடுத்துப் போடுகிறார்கள், அதையும் மறைக்காமல் பேச வேண்டும். 2018 டிசம்பரில் எல்லி என்ற பெண் பெயரில் ஓவர்வாட்ச் இரண்டாம் நிலை அணி ஒன்றில் சேர்ந்த ஆட்டக்காரர், சில நாட்களிலேயே விலகினார். பிறகு பார்த்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது ஒரு ஆண். சந்தேகப்பட்டது சரிதான் பார்த்தாயா என்று அன்று தொடங்கிய பேச்சு இன்று வரை ஓயவில்லை. ஒரு ஆண் செய்த மோசடிக்கு நாங்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? ஏமாற்று மென்பொருளோடு பிடிபட்ட ஆண்கள் எத்தனையோ பேர். அதற்காக ஆண்கள் யாரும் தாங்கள் ஆண் என்பதற்காகச் சந்தேகிக்கப்படுவதில்லை.

பெண்களுக்கு விளையாட்டில் அக்கறையே இல்லை, அதனால்தான் அவர்கள் கண்ணில் படுவதில்லை என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவில் 2015இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, ஆண்களில் 50 விழுக்காட்டினரும் பெண்களில் 48 விழுக்காட்டினரும் வீடியோ கேம் ஆடுவதாகச் சொன்னார்கள். ஆனால் தன்னை கேமர் என்று அழைத்துக்கொண்டவர்கள் ஆண்களில் 15 விழுக்காடு, பெண்களில் வெறும் 6. ஆடுகிறார்கள், ஆனால் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளத் துணிவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. விளையாட்டுகளில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை விமர்சித்துக் காணொலிகள் வெளியிட்ட அனிதா சர்க்கீசியன், 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேசவிருந்தார். கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்று மின்னஞ்சல் வந்தது. துப்பாக்கி உரிமம் உள்ளவர்களை வளாகத்துக்குள் ஆயுதத்தோடு வரவிடுவது அந்த மாநிலச் சட்டம் என்பதால் காவல்துறையால் அதைத் தடுக்க முடியவில்லை. அவர் உரையை ரத்து செய்தார். ஒருத்தி விளையாட்டைப் பற்றிக் கருத்துச் சொன்னதற்கு அந்த விலை.

இங்கே, நம் மொழியில், இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வசவுச் சொற்களைத் தடுக்க விளையாட்டுகளில் வடிகட்டிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை எழுதினால் அது நட்சத்திரக் குறிகளாக மாறிவிடும். தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் அடித்தால் முழுசாக, ஒரு எழுத்தும் குறையாமல் திரையில் வந்து நிற்கிறது. ரிப்போர்ட் பொத்தானை அழுத்துகிறோம். நன்றி என்று ஒரு தானியங்கிச் செய்தி வருகிறது. மறுநாள் அதே பெயர், ஆட்டம் தொடங்கும் முன் ஆட்டக்காரர்கள் கூடும் அதே லாபியில் இருக்கிறது. தமிழில் ஆடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்க, தமிழ் தெரிந்த கண்களும் காதுகளும் அந்த முறையீடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது பேராசை அன்று.

ஆனால் நிறுவனங்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அணியில் ஐந்து பேர். ஒருத்தி நான், ஒருவன் திட்டுகிறவன். மிச்சம் மூன்று பேர் இருக்கிறார்கள். பத்து ஆட்டத்தில் ஒன்பதில் அந்த மூவரும் வாயே திறப்பதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு தனியாக ஒருவர் செய்தி அனுப்புவார்: "சாரிங்க, அவன் அப்படித்தான், கண்டுக்காதீங்க." நல்ல மனசோடுதான் அனுப்புகிறார், எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவனிடம், அந்த நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று வீட்டில் சொன்னால், நீ வேறு நேரத்தில் போ என்பார்கள். மைக்கை அணை என்பதும் அதே யோசனைதான். நேரத்தை மாற்றிக்கொண்டவள் வகுப்புக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். மைக்கை அணைத்தவள் தகவல் சொல்லவில்லை என்று திட்டு வாங்குகிறாள். பேசாததால் அவள் ஆட்டம் வளர்வதில்லை. வளராத ஆட்டத்தைக் காட்டி, பெண்களுக்கு இது வராது என்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் அவளைத் தள்ளியதில் என் கையும் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மைக்கைப் போட்டு, எதிரிகள் நடுப்பாதை வழியாக வருகிறார்கள் என்றேன். வழக்கம்போல ஒருவன் ஆரம்பித்தான். என் குரலைப் போலவே பேசிக் காட்டினான். அப்போது அணியில் இன்னொருவர், மதுரைப் பக்கத்துப் பேச்சு, எரிச்சலோடு குறுக்கிட்டார்: "டேய், சும்மா இருடா. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு. நடுவுல எத்தன பேருங்க?" மூன்று பேர் என்றேன். இருவர் நடுப்பாதைக்கு வந்தார்கள். அந்தச் சுற்றை எடுத்தோம். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பற்றிப் பேசவில்லை. குண்டு எங்கே, ஆள் எங்கே என்பதைத்தான் பேசினோம். கடைசியில் 13க்கு 11 என்று தோற்றோம். நல்ல ஆட்டம் என்று எழுதிவிட்டு அவர் வெளியேறினார். நட்பு அழைப்பு அனுப்பவில்லை, பெயரும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் மைக்கைப் போட்டேன்.