உடல் என்ன கழற்றி எறியும் சட்டையா?

'கிறிஸ்தவர்களுக்கு உடல் வெறும் சட்டை, ஆன்மா மட்டுமே மோட்சம் போகும்' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மன்னிக்கவும், அது, உடலை ஆன்மாவின் சிறையாகப் பார்த்த கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் வாசனை அடிக்கும் பேச்சு! ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்தவர்கள் அறிக்கையிடுவது 'சரீரம் உயிர்த்தெழுதல்' என்றல்லவா? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் காட்டும் உவமை கோதுமை மணி. விதைப்பது ஒன்று, முளைப்பது வேறு தோற்றம். ஆனாலும் தொடர்ச்சி அறுவதில்லை.

மனிதருக்கு மரணம் எப்படி வந்தது என்பதையும் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆதாமின் பாவத்தால் மரணம் வந்தது என்று சொல்லும் ரோமர் 5:12இன் கடைசிப் பகுதியை, கிரேக்க மூலத்தில் 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்று படிக்கலாம். லத்தீன் மொழிபெயர்ப்பை நம்பிய மேலைத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன், 'ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று வாசித்தார். கீழைத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையோ ஆதாமிடமிருந்து வந்தது மரணமே, குற்றம் அல்ல என்கிறது.

தகனத்தை 1963இல் அனுமதித்த வத்திக்கான், சாம்பலைத் தூவுவதை 2016இல் தடுத்ததும் உடல் உயிர்த்தெழும் என்ற இந்த நம்பிக்கையால்தான்.