குறை சதுரத்தில் மட்டும் இல்லை
1957-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ரஸ்ஸல் கிர்ஷ், கணினியில் ஏற்றுவதற்காகத் தம் கைக்குழந்தையின் படத்தை 176க்கு 176 என்ற சதுரக் கட்டங்களாகப் பிரித்ததே இன்றுவரை டிஜிட்டல் படங்களின் ஓரங்கள் படிக்கட்டுபோல் தெரியக் காரணம் என்று பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை முழுமையாக ஏற்க இயலவில்லை. ஓரம் பிசிறடிப்பதற்கு முதன்மைக் காரணம் புள்ளிகளின் எண்ணிக்கை போதாமையே. அதே சதுரப் பிக்சல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட இன்றைய கைபேசித் திரையில் அந்தப் படிக்கட்டு கண்ணுக்குப் படுவதே இல்லை. பதிவு செய்யும் கருவி ஒரு வடிவத்தையும் காட்டும் கருவி வேறொரு வடிவத்தையும் கொள்ளும்போதுதான் உண்மையான தொல்லை. தருமபுரியில் எங்கள் வீட்டுத் திருமணத்தைப் பழைய டிஜிட்டல் வீடியோ கேசட்டில் எடுத்திருந்தார்கள். ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையிலான அந்தப் பதிவில் 720க்கு 576 புள்ளிகள் உண்டு, ஆனால் அவை சதுரமல்ல, அகலம் சற்றுக் கூடியவை. கணினிக்கு மாற்றித் தந்தவர் அவற்றைச் சதுரமாகவே கொண்டுவிட்டதால், மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் முட்டை வடிவிலும், மாப்பிள்ளை (நல்ல பருமனானவர்) ஒடுங்கிப்போயும் தெரிந்தனர். அகலத்தை 768 ஆக்கியதும் கடிகாரம் வட்டமாயிற்று, தெளிவு மட்டும் சிறிதும் கூடவில்லை. சதுரத்தை விட்டால் எல்லாம் தீரும் என்று அந்தக் கட்டுரையின் கீழ் கருத்திட்ட நண்பர், ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 1999-இல் அறிவித்த, கேமராவினுள் ஒளியைப் பதியும் எண்கோண உணரிகளையும் கவனிக்க வேண்டும். 2000-இல் வந்த ஃபைன்பிக்ஸ் 4700 கேமராவில் அத்தகைய உணரிகள் ஏறத்தாழ 24 லட்சமே இருந்தும், படக்கோப்பு சுமார் 43 லட்சம் சதுரப் புள்ளிகளாகவே வெளிவந்தது, மிகுதி கணக்கிட்டு நிரப்பப்பட்டவை.