பெர்னி தோற்ற இடம்

2028 ஜனாதிபதி தேர்தல் பற்றிய பேச்சு இங்கே அமெரிக்காவில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. நியூயார்க் மேயர் தேர்தலில் இடதுசாரியான ஸோரான் மம்தானி ஜெயித்ததிலிருந்து நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் மாதிரி ஓர் இடதுசாரி எம்.பி. ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வர முடியுமா? சமீபத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு அண்ணன் அடித்துச் சொன்னார். "வாய்ப்பே இல்லை. பெர்னியையே ரெண்டு தடவை கட்சிக்காரங்க கவுத்துட்டாங்க. வேற யாரை விடப்போறாங்க?" சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேக் வெட்டுகிற இடத்தில் வாக்குவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பெர்னி சாண்டர்ஸ் ஆள். 2016லும் 2020லும் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்று தோற்ற செனட்டர் அவர். 2018ல் எனக்கு வேலை போனது. அந்த மாதக் கடைசியோடு மருத்துவ இன்சூரன்ஸும் போனது. மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். பழைய இன்சூரன்ஸையே முழுப் பிரீமியம் நம் கையிலிருந்து கட்டித் தொடர்வதற்கு இங்கே கோப்ரா என்று பெயர். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அடுக்களை மேஜையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மருத்துவம் எல்லோருக்கும் உரிமை என்று ஒருவர் மேடையில் கத்திச் சொன்னால் எனக்கு அது வெறும் கோஷமாகக் கேட்காது. அவர் தோற்றது எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது. அதனால்தான் எப்படித் தோற்றார் என்பதை நாம் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கட்சி கவிழ்த்தது என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. 2016ல் ஒரு மாநிலம்கூட ஓட்டுப் போடுவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான சூப்பர் டெலிகேட்கள் ஹிலாரி கிளின்டன் பக்கம் போய்விட்டார்கள். எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சி நிர்வாகிகள் என, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் பதவியால் ஓட்டு உள்ளவர்கள் இவர்கள். அந்த ஜூலையில் கட்சித் தலைமையின் மின்னஞ்சல்கள் கசிந்து, தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ஸ் பதவி விலக வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் ஏப்ரல் மாதத்து உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட, வேறு கட்சியில் பதிந்திருந்தவர்கள் முந்தைய அக்டோபருக்குள்ளேயே மாறியிருக்க வேண்டும். பெர்னியின் பெயரைப் பலர் கேள்விப்படும் முன்பே கெடு முடிந்துவிட்டது. இதெல்லாம் அநியாயம்தான்.

சரி, ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஹிலாரிக்கு விழுந்தது சுமார் 1.69 கோடி ஓட்டு, பெர்னிக்கு 1.32 கோடி. சூப்பர் டெலிகேட்கள் ஒருவரையும் சேர்க்காமல், மக்கள் ஓட்டில் வந்த டெலிகேட்களை மட்டும் எண்ணினால் ஹிலாரிக்கு 2,205, பெர்னிக்கு 1,846. அயோவாவில் கால் சதவீதத்தில் தோற்று, நியூ ஹாம்ப்ஷயரில் 60 சதவீதம் வாங்கி ஜெயித்தவர், அதே பிப்ரவரிக் கடைசியில் தென் கரோலினாவில் 26க்குச் சுருங்கினார். அங்கே ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அவர்களில் நூற்றுக்கு 86 பேர் ஹிலாரிக்குப் போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்புகள் சொன்னன. அவர்களைக் கட்சித் தலைமை கையைப் பிடித்தா போட வைத்தது?

2020ல் இதை நேரிலேயே பார்த்தேன். நான் இருப்பது சார்லட்டில். பிப்ரவரி 22, சனிக்கிழமை, நாங்கள் ஐந்து பேர் ஒரே காரில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு தென் கரோலினாவின் கொலம்பியாவுக்குப் போனோம். எனக்கு அப்போது கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. ஆனால் கதவு தட்டலாம். செயலியில் முகவரிப் பட்டியல் வரும். ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டு 1 முதல் 5 வரை ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் நம் ஓட்டு உறுதி, 5 என்றால் நடக்காது.

ஒரு வீட்டு முகப்பில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு கறுப்பினப் பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பளி சால்வை, மடியில் மருந்துப் பெட்டி, கிழமை போட்டு ஏழு கட்டம் உள்ளது. நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எதையும் மறுக்கவில்லை. தன் இன்சுலின் விலையை அவரே சொன்னார். அப்புறம் கேட்டார். "தம்பி, நீ சொல்றது எல்லாம் நல்லதுதான். இந்த மனுஷனுக்கு வெள்ளைக்காரங்க ஓட்டுப் போடுவாங்களா? டிரம்ப் மறுபடி வந்தா முதல்ல அடி வாங்கறது நாங்கதான்." என்னிடம் பதில் இல்லை. கருத்துக் கணிப்பு ஒன்றைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஜிம் இன்னும் வாயைத் திறக்கலையே, பாக்கலாம்" என்றார். நான் 3 போட்டேன்.

ஜிம் என்று அவர் சொன்னது ஜிம் கிளைபர்னை. 1993 முதல் தென் கரோலினாவின் எம்.பி., அங்குள்ள கறுப்பினத் தலைவர்களில் முக்கியமானவர்.

அன்று மாலை திரும்பும் வழியிலேயே நெவாடா முடிவு வந்துவிட்டது. பெர்னி பெரிய வெற்றி. காரில் கத்திக் கொண்டாடினோம். நான்கு நாள் கழித்து, 26ஆம் தேதி, கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு சொன்னார். அதற்குச் சில நாள் முன்பு ஓர் இறுதிச் சடங்கில் ஒரு மூதாட்டி அவரை அருகே அழைத்து, யாருக்குப் போடப் போகிறாய் என்று காதோடு கேட்டதாகவும், அதன் பிறகுதான் வெளிப்படையாகச் சொல்வதென்று முடிவெடுத்ததாகவும் அவரே பின்னால் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு அந்த முகப்புதான் கண்ணில் வந்தது. 29ஆம் தேதி தென் கரோலினாவில் பைடன் 48 சதவீதத்துக்கு மேல், பெர்னி 20க்குள். மறுநாள் போட்டியிலிருந்த பீட் புட்டிஜெஜ் விலகினார், அதற்கு மறுநாள் ஏமி குளோபுஷார். இருவரும் பைடனை ஆதரித்தார்கள். மார்ச் 3ல் ஓட்டுப் போட்ட 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு.

இதைத்தான் நம் ஆட்கள் சதி என்கிறார்கள். ஒரே வாக்காளர்களை நம்பியிருக்கும் இரண்டு பேர் தோல்வி தெரிந்ததும் மூன்றாமவர் பின்னால் போவது எந்த ஊர் அரசியலிலும் நடப்பதுதான். எதிராளிகள் கடைசி வரை பிரிந்தே இருப்பார்கள், 30 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஜெயித்துவிடலாம் என்று நாங்கள் நம்பியது எங்கள் தப்பு. டிரம்ப் 2016ல் அப்படி ஜெயித்தார், உண்மை. குடியரசுக் கட்சி விதிப்படி தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஓட்டு வாங்கி 50 டெலிகேட்களையும் மொத்தமாக அள்ளினார். ஜனநாயகக் கட்சியில் அது நடக்காது. 15 சதவீதம் தாண்டியவர்களுக்கெல்லாம் விகிதப்படி பங்கு உண்டு.

இந்த விகித விதியைக் கொண்டுவந்தது யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1988ல் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் இதே உட்கட்சித் தேர்தலில் கிட்டத்தட்ட 70 லட்சம் ஓட்டு வாங்கி, மிச்சிகன் வரை ஜெயித்து, கடைசியில் தோற்றார். தோற்றவர் சும்மா போகவில்லை. விகிதப்படி பங்கு தர வேண்டும் என்று கட்சியோடு மல்லுக்கட்டி விதியை மாற்ற வைத்தார். 2008ல் ஒபாமா ஹிலாரியைத் தாண்டியது அந்த விதியின் தயவில். பெர்னியும் சும்மா போகவில்லை. 2018ல் மாநாட்டில் சூப்பர் டெலிகேட்களின் முதல் சுற்று ஓட்டைப் பறித்தது அவர் ஆட்கள் கொடுத்த நெருக்கடி. இன்று ஒருவர் வெளியிலிருந்து வந்து நின்றால் 2016ல் இருந்ததைவிடக் கதவு அகலமாகத்தான் இருக்கிறது. அண்ணன் இதை யோசிக்கவே இல்லை.

அந்தப் பாட்டியின் பயமும் ஆதாரம் இல்லாததல்ல. 1972ல் ஜார்ஜ் மெக்கவர்ன் இப்படித்தான் இடதுபக்கத்திலிருந்து வந்து ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார், 49 மாநிலங்களில் நிக்சனிடம் தோற்றார். அந்தத் தலைமுறைக்கு அது கண்ணால் பார்த்த தோல்வி. அதே தலைமுறை மனசு மாறாது என்பதும் இல்லை. 2007ல் தென் கரோலினாவின் கறுப்பினப் பெரியவர்கள் பலர் ஒபாமாவை நம்பவில்லை. அயோவாவில் வெள்ளைக்காரர்கள் அவருக்குப் போட்டதைப் பார்த்த பிறகு மாறினார்கள். அந்த மாற்றத்துக்கு முன்பே பல மாதங்கள் அவருடைய ஆட்கள் அங்குள்ள முடிவெட்டும் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் உட்கார்ந்து பேசியிருந்தார்கள்.

நெவாடாவில் பெர்னியும் இதையேதான் செய்தார். லத்தீனோ குடும்பங்களிடம் சீக்கிரமே போய், ஸ்பானிஷில் பேசும் ஆட்களை வைத்து வேலை செய்தார். அவர்கள் 'தியோ பெர்னி', அதாவது பெர்னி மாமா, என்றே அழைத்தார்கள். கேசினோ தொழிலாளர் சங்கத் தலைமை அவருடைய மருத்துவத் திட்டத்தை எதிர்த்தும், பெலாஜியோ கேசினோவில் வேலை செய்பவர்கள் பலர் அவர் பக்கமே நின்றார்கள். தெற்கிலோ, மார்ச்சில் மிசிசிப்பிக் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு மிச்சிகன் போனார். இரண்டிலும் தோற்றார், மிசிசிப்பியில் 15 சதவீதம்கூட வரவில்லை.

மம்தானியைப் பாருங்கள். 2025 ஜூன் உட்கட்சித் தேர்தலில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகள் பல அவரைவிட்டு, எதிர்த்து நின்ற முன்னாள் கவர்னர் கியூமோ பக்கம்தான் நின்றன. ஜெயித்தாயிற்று, இனி என்ன என்று அவர் இருக்கவில்லை. ஞாயிறுதோறும் அந்தத் தேவாலயங்களுக்குப் போனார். நவம்பரில் அதே பகுதிகள் அவர் பக்கம் வந்தன. நகரம் வேறு, நாடு வேறு என்பது தெரியும். ஆனால் வேலை ஒன்றுதான்.

எனக்கு இப்போது குடியுரிமை வந்துவிட்டது. 2028ல் ஓட்டு உண்டு. யார் நின்றாலும் அவர் பேச்சுக்கு எத்தனை ஆயிரம் பேர் கூடினார்கள் என்பதை நான் பார்க்கப் போவதில்லை. கொலம்பியாவில் எப்போது அலுவலகம் திறக்கிறார் என்று பார்ப்பேன். திறந்ததும் காரை எடுத்துக்கொண்டு போவேன். நான் 3 போட்ட அந்த வீட்டுக்கு எங்கள் பக்கத்திலிருந்து அதன் பிறகு யாரும் போகவில்லை, நானும் போகவில்லை. தெருப் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறது.